‘வேணாம்னு சொல்லலையே’ என்று சொல்லும் மாப்பிள்ளைகளுக்கு

ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு என் ஓபியில் புதுப்பெண்களின் இதே வரிசைதான். நீர்க்கடுப்பு, பிறப்புறுப்பில் கிழிசல், ரத்தக்கசிவு, "தொட்டாலே விறைச்சுக்கிறா டாக்டர்". உசிலம்பட்டிக்காரரோ கே.கே. நகர்க்காரரோ, மாப்பிள்ளை சொல்லும் பதில் ஒன்றுதான்: "அவ வேணாம்னு சொல்லவே இல்லையே."

பேசிப் பழகாத ஒருவரிடம், அடுத்த அறையில் சொந்தபந்தமெல்லாம் படுத்திருக்க, வாய்விட்டு மறுக்க எந்தப் பெண்ணை நாம் பழக்கியிருக்கிறோம்? அதோடு, பயந்த உடம்பு எதிர்க்கும், ஓடும், இல்லையென்றால் உறைந்துபோகும். உறைந்தால் கை கால் அசையாது, குரல் எழாது. அது யோசித்து எடுக்கிற முடிவில்லை. "கத்தியிருக்கலாம்ல?" என்று கேட்கும் பெரியவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அடுத்தது, "ஈரம் இருந்துச்சே" என்ற வாதம். விருப்பமே இல்லாதபோதும், வல்லுறவிலும்கூட, உறுப்பு கசியும். கண்ணில் தூசி விழுந்தால் நீர் வருவதுபோல அது அனிச்சைச் செயல். அதை ஆசைக்கு அத்தாட்சியாகக் காட்டாதீர்கள்.

மறுப்பு வாயில் வராது, உடம்பில் வரும். மூச்சைப் பிடித்துக்கொள்வது, தொடைகளை இறுக்குவது, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்புவது, உங்கள் கையை ஒருமுறை தள்ளிவிட்டு அப்புறம் விட்டுவிடுவது. இதில் கடைசியைத்தான் பலர் 'சரி' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது சலித்துப்போனது, ஐயா!

ஒன்றைக் கண்டாலும் கையை எடுங்கள். "ஏன், என்னைப் பிடிக்கலையா?" என்று கேட்காதீர்கள், அது மிரட்டல். "இன்னைக்குத் தூங்குவோமா?" என்று கேளுங்கள். 'ஆமா' என்றே அவள் மறுத்துவிடலாம். நேற்று சம்மதித்தது இன்றைக்குச் செல்லாது, பாதியில் மனம் மாறினாலும் நிறுத்தத்தான் வேண்டும். உறுப்புத் தசை இறுகுவதற்கு மரத்துப்போகும் ஜெல் வாங்கித் தருபவர்களே, வலிதான் அங்கே பேசிக்கொண்டிருக்கிறது. அதன் வாயையும் அடைக்காதீர்கள். இந்த இறுக்கத்துக்குச் சிகிச்சை உண்டு, வாரங்கள் பிடிக்கும், பொறுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் வல்லுறவு பற்றிய 63ஆம் பிரிவும், உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் எனக் கொள்ளக்கூடாது என்கிறது. 18 நிறைந்த மனைவி விஷயத்தில் கணவனுக்கு அதே பிரிவு விலக்குத் தந்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் துன்புறுத்தலும் அடங்கும். 18க்குக் கீழே என்றால் சம்மதம் என்ற பேச்சே கிடையாது, நேரே குழந்தைகள் பாலியல் குற்றத் தடுப்புச் சட்டமான போக்சோதான்.

அம்மாமார்களே, அத்தைமார்களே, "விடிஞ்சதும் தலைக்கு ஊத்துனியா?" என்று விசாரிக்காதீர்கள். மகள் தயங்கித் தயங்கி ஏதாவது சொன்னால், "அனுசரிச்சுப் போத்தா" என்று தயவுசெய்து அனுப்பிவிடாதீர்கள். மணிக்கொரு நாப்கின் நனைகிற அளவுக்கு ரத்தம் போனால் நடுராத்திரியானாலும் கூட்டி வாருங்கள். கருத்தடை அவசர மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போடப் பாருங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வல்லுறவுக்கு ஆளானவருக்கு அரசு மருத்துவமனை மட்டுமில்லை, தனியாரும் உடனடிச் சிகிச்சையை இலவசமாகத் தரவேண்டும். "முதல்ல ஸ்டேஷன் போயிட்டு வாங்க" என்று கவுன்ட்டரில் சொன்னால் அங்கேயே நின்று பெண்கள் உதவி எண் 181க்கு அடியுங்கள்.