கூண்டின் பின்பக்கத்திலிருந்து பிளான் போடுங்கள்

இலங்கை மலையகத்தில் மான் பூங்கா, பறவைக்கூடம், சின்னதாக ஒரு மிருகக்காட்சிசாலை என்று எதையாவது புதிதாக அமைக்க நினைப்பவர்களும், இருப்பதைப் பெரிதாக்க நினைப்பவர்களும் கால்நடை வைத்தியரிடம் வருவது பெரும்பாலும் கடைசியில்தான். அதற்குள் காணி பார்த்தாயிற்று, கொந்தராத்துக்காரரிடம் பேசியாயிற்று, பிளானும் வரைந்தாயிற்று. "டொக்டர், இத ஒருக்கா பாத்துட்டு கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்பார்கள். அந்தப் பிளானில் நுழைவாயில் இருக்கும், டிக்கட் கவுண்டர் இருக்கும், பிள்ளைகள் படம் எடுக்க ஓர் இடம் இருக்கும், தேத்தண்ணிக் கடையும் இருக்கும். மிருகம் இரவில் படுக்கும் இடத்துக்கு ஒரு மூலையில் சின்னச் சதுரம் போட்டிருப்பார்கள். சில பிளான்களில் அதுவும் இருப்பதில்லை.

நான் முதலில் பார்ப்பது அந்தச் சதுரத்தைத்தான். மாலை 6 மணிக்கு வாசலை மூடி மறுநாள் காலை 8.30க்குத் திறந்தால், இடையில் 14 மணித்தியாலத்துக்கும் மேல் ஓடிவிடும். இரவில் உள்ளே விட்டு அடைக்கும் வழக்கம் இருந்தால், அந்த நேரம் முழுவதும் மிருகம் பின்னறையில்தான். நன்றாகப் பார்த்துக்கொண்டால் கூண்டில் வளரும் சிறுத்தை 20 வருடம் வரைகூட உயிரோடு இருக்கும். அப்படியானால் அதில் ஏறத்தாழ 12 வருடம் யாரும் பார்க்காத அந்த அறைக்குள் போகும். முன்பக்கத்துக்குச் செயற்கைப் பாறையும் நீர்வீழ்ச்சியும் போட்டுவிட்டு, பின்னறைக்கு மிச்சப் பணத்தைக் கொடுக்கிற பிளானில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

பின்னறை எப்படி இருக்க வேண்டும்? எத்தனை மிருகங்களோ அதைவிட ஓர் அறையாவது கூடுதலாக வேண்டும். ஒன்று சுகமில்லாமல் போனால், குட்டி போட்டால், இரண்டும் சண்டை பிடித்தால், ஒன்றைக் கழுவுகிற நேரம் மற்றதில் விட வேண்டியிருந்தால், அந்த ஓர் அறைதான் கைகொடுக்கும். அறைக்கு அறை இழுவைக் கதவு இருக்க வேண்டும். அதை வெளியே நின்று இழுக்க முடிய வேண்டும். இழுக்கிறவருடைய கண்ணுக்கு மிருகம் எங்கே நிற்கிறது என்பதும் அதே இடத்திலிருந்து தெரிய வேண்டும். கதவு ஓரிடம், பார்க்கிற ஓட்டை இன்னோரிடம் என்று கட்டிய கூண்டுகளில்தான் ஊழியர்கள் அடிபடுகிறார்கள். ஊழியர் உள்ளே போகிற வழிக்கு இரட்டைக் கதவு, ஒன்றைப் பூட்டிய பிறகுதான் மற்றதைத் திறப்பது. நிலம் 100 அடிக்கு 2 அடியாவது சரிந்து, தண்ணீர் கூண்டுக்கு வெளியே உள்ள கானில், அதாவது வடிகாலில், விழ வேண்டும். படுக்க நிலத்துக்கு மேலே மரப்பலகைத் தட்டு. மலைக் குளிரில் ஈரச் சீமெந்தில் படுக்க விடுவது எந்த மிருகத்துக்கும் செய்யக் கூடாத காரியம்.

சமதரையில் கட்டுகிற கூண்டின் அளவுகளை அப்படியே இங்கே கொண்டுவருவது இன்னொரு ஆபத்து. சிறுத்தை நின்ற இடத்திலிருந்து 10 அடி உயரம் பாயும், நீளத்தில் 20 அடி தாண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சரிவில் வேலி போட்டால், மேல்பக்கத்து நிலத்திலிருந்து அளக்கும்போது அதே வேலி பல அடி குட்டையாகிவிடும். பிளானில் 15 அடி என்று எழுதியிருக்கும். கூண்டுக்குள் உள்ள மேட்டில் ஏறி நின்று பார்த்தால் வேலி உங்கள் தோளுக்கு வரும். அதனால் சிறுத்தைக்கு மேலேயும் வலை மூடிய கூண்டுதான் இங்கே சரி. பக்கத்து மரம் காற்றில் விழுந்தால் எதன் மேல் விழும் என்பதையும் பிளானில் குறிக்க வேண்டும். ஆனி, ஆடி மாதத்துக் காற்றில் இங்கே எத்தனை மரம் சாய்கிறது என்று நமக்குத் தெரியாதா? மின்வேலியை மட்டும் நம்பவே கூடாது. மழைக்குப் பிறகு மானாப் புல் நிமிர்ந்து கம்பியைத் தொட்டாலே மின்சாரம் நிலத்துக்கு இறங்கி வேலி பலமிழந்துவிடும். புயல் நாளில் கரண்ட் போவது தனிக்கதை.

சரிவால் நன்மையும் உண்டு. மிருகத்துக்கு மேட்டுப் பக்கத்தைக் கொடுத்து, பார்வையாளர் பாதையைக் கீழே ஒரே ஒரு பக்கத்தில் வைத்தால், அது நம்மைக் கீழே பார்த்துக்கொண்டு நிம்மதியாகப் படுத்திருக்கும். நாலு பக்கமும் ஆட்கள் நின்று, அதுவும் மேலே இருந்து எட்டிப் பார்க்கிற பள்ளக் கூண்டுதான் மிருகத்துக்கு மிக மோசமானது. ஒவ்வொரு மிருகத்துக்கும் ஆளைக் கண்டால் விலகிப்போக ஒரு தூரம் தேவைப்படுகிறது, அந்தத் தூரம் கூண்டுக்குள் கிடைக்க வேண்டும் என்று சுவிட்சர்லாந்து விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர் 1940களிலேயே எழுதிவிட்டார். சரிவு நிலம் அந்தத் தூரத்தை உயரமாகத் தருகிறது. சமவெளிக்காரர்களுக்கு இல்லாத வசதி இது, ஆனால் பாதை போடுவது லேசு என்று பெரும்பாலும் தலைகீழாகவே வரைகிறார்கள்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மலையகத்தின் மேற்குச் சரிவுகளில் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றர் வரை மழை பெய்கிற இடங்கள் இருக்கின்றன. வட்டவளைப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த மழையில் மான், மரை போன்றவற்றை மண் தரையில் விட்டால் ஒரே பருவத்தில் முழு இடமும் சேறாகி, குளம்பு அழுகத் தொடங்கும். தோட்டத்து மாட்டுக் கொட்டில்களில் நான் வைத்தியம் பார்க்கிற அதே வியாதிதான். ஆனால் மாட்டைப் பிடித்துக் கட்டிக் காலைத் தூக்கிக் கழுவலாம். மரையைப் பிடிக்க மயக்க ஊசி போட வேண்டும், அதில் உயிருக்கே ஆபத்து உண்டு. எனவே நடமாடும் இடத்தின் ஒரு பகுதிக்காவது கல்லும் சரளையும் போட்டு, கூரையும் போட்டு, மேலே இருந்து வருகிற தண்ணீரைக் கூண்டுக்கு வெளியிலேயே திருப்பிவிட வேண்டும். இதற்கு வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை. தேயிலை மலையில் காலம் முழுக்கக் கான் வெட்டிய பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய், மழை நாளில் அந்தக் காணியை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். தண்ணீர் எங்கே இறங்கும், எந்த வரம்பு உடையும் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையை வாங்குங்கள். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டக் குடியிருப்பையே புதைத்ததற்குப் பிறகும், மலையை வெட்டிக் கட்டடம் போட அந்த அறிக்கை எதற்கு என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

கூண்டு கழுவுகிற தண்ணீர் எங்கே போகிறது? இதை ஒருவரும் கேட்பதில்லை. மலையில் எந்த இடத்துக்கும் கீழே ஓர் ஓடை இருக்கும், ஓடைக்குக் கீழே தண்ணீர் விழுகிற ஒரு பீலி இருக்கும், பீலியில் ஒரு லயத்துச் சனம், வரிசை வீடுகளில் இருக்கிற தோட்டத் தொழிலாளர்கள், குடிக்கத் தண்ணீர் பிடிக்கும். சாணம், சிறுநீர், இறைச்சிக் கழிவு எல்லாம் சேர்ந்து போனால் சல்மொனெல்லா முதல் எலிக்காய்ச்சல் வரை கீழே இருக்கிற பிள்ளைகளுக்குத்தான். கழிவுநீர்த் தொட்டியும் சாணக் குழியும் இல்லாத பிளான் பிளானே இல்லை.

எந்த மிருகத்தைக் கொண்டுவருவது என்பதிலும் காலநிலைதான் பேச வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். தை, மாசியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும். உலர் வலயத்தில் வாழ்கிற நட்சத்திர ஆமையை அங்கே கொண்டுபோய் வைத்தால், சூடும் காய்ந்த இடமும் இல்லாமல் மூக்கொழுகி, நியூமோனியாவில்தான் முடியும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் மழை குறைவு, வெயிலும் காய்ந்த காற்றும் உண்டு, அங்கே கணக்கு வேறு. மலையகம் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் ஹட்டனுக்குப் போட்ட கூண்டு பண்டாரவளைக்குப் பொருந்தாது.

அப்புறம், நம் கூண்டுக்கு அக்கம்பக்கத்தில் இருப்பது வெறும் நிலம் கிடையாது. தேயிலைக்குள்ளும் காட்டுத் துண்டுகளுக்குள்ளும் சிறுத்தை நடமாடுகிறது, லயத்து நாய்களைத் தூக்குகிறது. அந்த இடத்தில் மான்களை அடைத்துவைத்தால் அதன் வாசத்துக்கே காட்டுச் சிறுத்தை இரவில் வேலியைச் சுற்றும். வேலி தாங்கினாலும், பயந்து ஓடுகிற மான் கம்பியில் மோதிக் கழுத்து முறிந்து சாகும். தீனியைத் தேடிக் குரங்கு வரும், எலி வரும், தெருநாய் விசர்நோயோடு வரலாம். இதற்காகத்தான் வெளிச்சுற்றுக்கு இரண்டாவது வேலி, இரவில் மான்களுக்கு மூடிய கொட்டில், தீனிக்குப் பூட்டுகிற அறை எல்லாம் கேட்கிறோம். புதிதாக வருகிற மிருகத்தைக் குறைந்தது 30 நாள் தனியே வைத்துப் பார்க்கிற இடமும் வேண்டும். அது மற்றக் கூண்டுகளோடு காற்றோ கானோ சேராத இடமாக இருக்க வேண்டும். ஆட்களிடமிருந்தும் நோய் தொற்றலாம். 2021இல் தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் ஒரு சிங்கத்துக்குக் கொரோனா உறுதியானது பலருக்கு நினைவிருக்கும்.

இதையெல்லாம் தோட்டத்தில் பேசும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும். "மனுசனுக்கே வீடு கட்ட ஏழு பேர்ச் காணி ஒழுங்கா கெடைக்கல, மிருகத்துக்கு ஏக்கர் கணக்கில காணியா டொக்டர்?" இந்தக் கேள்வியை நான் ஒருபோதும் தட்டிக்கழிக்க மாட்டேன். குடியிருப்புக்குக் கேட்டுக் காத்திருக்கிற காணியில் மிருகக்காட்சிசாலை வரக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கிற நம் சனத்துக்குத்தான் கூண்டைப் பற்றி மற்ற எவரையும்விட நன்றாக விளங்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவை அளந்து கட்டியவன் அதில் ஓர் இரவும் படுத்தவன் இல்லை. புகை எங்கே போகும், பிள்ளை பெறுகிறவள் எங்கே ஒதுங்குவாள், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வரும் என்று அவன் யோசிக்கவில்லை. தலைக்கு இவ்வளவு அடி என்று கணக்குப் போட்டான். கூண்டையும் அதே கையால் வரைவதைத்தான் நான் எதிர்க்கிறேன். இடமில்லை என்றால் மிருகத்தைக் கொண்டுவராமல் இருக்கலாம். வாயில்லாத ஒன்றைக் கொண்டுவந்து நெருக்கி அடைக்கத் தேவையில்லை.

விரிவாக்கம் என்றதும் பலருக்குப் புதிய மிருகங்களின் பட்டியல்தான் ஞாபகம் வருகிறது. தெஹிவளையின் கதையைப் பாருங்கள். ஜெர்மானியரான ஜோன் ஹாகன்பெக் சேர்த்துவைத்திருந்த மிருகங்களோடு தொடங்கிய இடம் அது, 1936இல் அரசாங்கம் பொறுப்பேற்றது. அவருடைய அண்ணன் கார்ல், ஒரே தகப்பன், தாய் வேறு, ஹம்பேர்க்கில் 1907இலேயே கம்பி இல்லாமல் அகழி வெட்டித் திறந்த கூண்டு முறையைக் காட்டியவர். ஆனால் தெஹிவளையைச் சுற்றி நகரம் வளர்ந்து நெருக்கிய பிறகு விரிய இடமில்லை. அதனால்தான் 2015இல் பின்னவலயிலும், 2016இல் ரிதியகமவில் சுமார் 500 ஏக்கரிலும் புது இடங்கள் திறந்தார்கள். நமக்கு 500 ஏக்கர் கிடைக்கப்போவதில்லை. அப்படியானால் இருக்கிற மிருகத்துக்கு இன்னோர் அறை, இன்னொரு மரம், இன்னும் கொஞ்சம் மறைவு என்று கொடுப்பதுதான் மலையகத்தில் நேர்மையான விரிவாக்கம். ஐந்து கூண்டை மூன்றாக்குகிற பிளானை யாராவது கொண்டுவந்தால் சந்தோசமாகக் கையெழுத்துப் போடுவேன்.

காசு உண்மையிலேயே கையில் இருந்தால், காட்சிக் கூண்டுக்கு முன் இங்கே தேவைப்படுவது சிகிச்சைக் கூண்டுதான். 2020 மே மாதம் நல்லதண்ணிக்குப் பக்கத்தில், லக்சபான தோட்டத்தில், சுருக்குக் கம்பியில் மாட்டிய கருஞ்சிறுத்தையை உடவளவையில் உள்ள மிருகச் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில் அது இறந்துபோனது. பன்றிக்கு வைக்கிற கம்பியில் சிறுத்தை மாட்டுவது அதற்கு முன்னும் நடந்தது, இன்னும் நடக்கிறது. கழுத்தும் வயிறும் இறுகிய ஒரு மிருகத்தை இவ்வளவு தூரம் வளைவுப் பாதையில் கொண்டுபோகாமல், வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில், மலையிலேயே பார்க்க நல்ல வசதி வேண்டும். இருட்டான, சத்தமில்லாத, ஆட்கள் எட்டிப் பார்க்க முடியாத அறைகள். அதற்கு டிக்கட் விற்க முடியாது என்பது உண்மைதான். அதனால்தான் அது பொதுப் பணத்தில் வர வேண்டும் என்கிறேன்.

உங்கள் பிரதேச சபையிலோ தோட்டத்திலோ இப்படி ஒரு திட்டம் வந்தால், பிளானைப் பார்க்கக் கேளுங்கள். மிருகத்தைப் பிடித்து வைக்கவும் கொண்டுவரவும் 1937ஆம் ஆண்டுத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதி வாங்கியாயிற்றா என்று கேளுங்கள். இரவு அறையின் அளவு, கழிவுநீர் இறங்குகிற இடம், மண்சரிவு அறிக்கை, திறப்பு விழா முடிந்த பிறகு மாதா மாதம் தீனிக்கும் ஊழியருக்கும் வைத்தியருக்கும் காசு எங்கிருந்து வரும் என்கிற கணக்கு, இந்த நாலுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் சொன்னதை அடுத்த சபை பொறுப்பெடுக்காது.