டேஷ்போர்டு லாகின் கொடுத்துவிட்டார்கள், சரி; எதையெல்லாம் பார்க்கலாம்? பல்கலைக்கழக ஊழியர்களுக்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்வது

அட்மிஷன், வருகைப்பதிவு, இன்டர்னல் மார்க், அரியர், கட்டண பாக்கி, விடுதி, நூலகம், ஆன்லைன் வகுப்பில் யார் எத்தனை நிமிடம் இருந்தார் என்பது வரை எல்லாம் இப்போது ஒரே திரையில் வந்து உட்கார்ந்துவிட்டது. துறைத்தலைவருக்கு ஒரு லாகின், தேர்வுப் பிரிவுக்கு ஒன்று, நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) வேலை பார்ப்பவருக்கு ஒன்று. லாகின் கொடுக்கிற அன்று, எந்தப் பட்டனை அமுக்கினால் எந்த வரைபடம் வரும் என்று புரொஜெக்டரில் காட்டுவார்கள், டீ வரும், கையெழுத்து வாங்குவார்கள், பயிற்சி முடிந்தது. எதைப் பார்க்கக் கூடாது, எதை டவுன்லோட் செய்யக் கூடாது, திரையில் வந்த எண்ணை வைத்து ஒரு மாணவர் விஷயத்தில் எதைச் செய்யக் கூடாது என்பதெல்லாம் பெரும்பாலும் பேச்சிலேயே வராது.

இதையெல்லாம் இனி பேசியே ஆகவேண்டும். காரணம், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அந்த ஆண்டு ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது, ஆனால் விதிகள் வராததால் இரண்டு வருடத்துக்கு மேல் சும்மாவே கிடந்தது. 2025 நவம்பரில் விதிகளை வெளியிட்டார்கள். எல்லாம் ஒரே நாளில் அமலுக்கு வரவில்லை, கட்டம் கட்டமாக வருகிறது: மீறல்களை விசாரித்து அபராதம் போடும் தரவுப் பாதுகாப்பு வாரியம் உடனே, நிறுவனங்கள் மேல் விழும் முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாத நடுவில். ‘இன்னும் நேரம் இருக்கிறதே’ என்று தோன்றும். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தில் யார் யாரிடம் என்ன லாகின் இருக்கிறது என்று கணக்கெடுக்கவே ஒரு செமஸ்டர் போய்விடும்.

சட்டத்தின் கணக்கில் பல்கலைக்கழகம்தான் தரவுக்குப் பொறுப்பாளி. மென்பொருளை வெளிநிறுவனம் நடத்தினாலும், தரவு வேறொருவரின் சர்வரில் இருந்தாலும் பொறுப்பு பல்கலைக்கழகத்தின் தலையில்தான். பாதுகாப்பு ஏற்பாட்டில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அதை நிறுவனம்தான் கட்டவேண்டும், டவுன்லோட் பட்டனை அமுக்கிய எழுத்தர் அல்ல. ஆனால் யார் அமுக்கினார் என்பது கணினியின் பயன்பாட்டுப் பதிவில் (லாக்) இருக்கும், அப்புறம் துறை நடவடிக்கை யார் மேல் பாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஊழியர்களுக்கு இத்தனை மணி நேரம் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. 8ஆம் பிரிவு கேட்பது, பொருத்தமான தொழில்நுட்ப ஏற்பாடும் நிறுவன ஏற்பாடும் இருக்கவேண்டும் என்பதுதான். கடவுச்சொல், என்கிரிப்ஷன் (தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பது) எல்லாம் முதல் வகை. பயிற்சி இரண்டாவது வகையில் வரும். ‘எங்கள் ஆட்களுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது’ என்று நாளைக்கு வாரியத்தின் முன் போய் நின்றால், தெரியவைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

சரி, அந்தப் பயிற்சியில் என்ன இருக்கவேண்டும்?

முதலில், எதற்காக என்ற கேள்வி. சட்டம் முழுக்க நோக்கத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது. மாணவரிடம் தகவல் வாங்கும்போது என்னென்ன வாங்குகிறோம், எதற்கு வாங்குகிறோம் என்று தெளிவாக அறிவிக்கவேண்டும். அந்த அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்துவிட்டு இருந்துவிட முடியாது, தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றில் படிக்கவும் வழி இருக்கவேண்டும். எந்த வேலைக்கு வாங்கினோமோ அந்த வேலைக்குத்தான் பயன்படுத்தலாம். கட்டணப் பிரிவில் இருப்பவருக்குக் கட்டண பாக்கி தெரியவேண்டும், அது அவர் வேலை. அதே திரையில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எத்தனை அரியர் என்று தேடிப் பார்ப்பது அவர் வேலை இல்லை, மென்பொருள் தடுக்காவிட்டாலும் இல்லை. ‘சிஸ்டம் காட்டியது, பார்த்தேன்’ என்பது பதிலாகாது. யாரிடமும் சொல்லாவிட்டாலும்கூட, அனுமதியில்லாமல் தரவைக் கையாண்டு அதன் ரகசியத்தன்மை கெட்டால் சட்டம் அதைத் தரவு மீறல் என்றே வரையறுக்கிறது.

ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். சில நாடுகளின் சட்டங்களில் உடல்நிலை, மதம் போன்ற அந்தரங்கத் தகவல்களுக்குத் தனி வகுப்பு வைத்திருப்பார்கள். நம் சட்டத்தில் அந்தப் பிரிவினை கிடையாது. மாணவரின் சாதிச் சான்றிதழும், அவர் மருத்துவ விடுப்புக் கடிதமும், அவர் மெயில் ஐடியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ரகம். அதனால் எதற்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமே உட்கார்ந்து முடிவு செய்து ஊழியர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால், பயிற்சியில் பாதி நேரத்தை இதற்கே ஒதுக்கலாம்.

அப்புறம் டவுன்லோட். பெரும்பாலான கசிவுக்கு ஹேக்கர் தேவையே இல்லை, ஒரு எக்செல் கோப்பு போதும். டேஷ்போர்டுக்குள் இருக்கும்வரை யார் எதைப் பார்த்தார் என்று பதிவு இருக்கும், ஆள் மாறினால் அனுமதியை எடுத்துவிடலாம். எக்செல்லாக வெளியே வந்த நிமிடத்திலிருந்து அது பென்டிரைவ், சொந்த மெயில், துறை வாட்ஸ்அப் குழு என்று தன் போக்கில் போய்க்கொண்டே இருக்கும். இதில் பலர் சறுக்குகிற இடம் பிவட் டேபிள், அதாவது நீளமான பட்டியலைச் சுருக்கி எண்ணிக்கையாகக் காட்டும் எக்செல் வசதி. பெயர், பதிவு எண், சாதி, மார்க் எல்லாம் உள்ள பட்டியலை வைத்து பிவட் போடுகிறார்கள், மூலத் தாளை அழித்துவிட்டு சுருக்கத்தை மட்டும் வைத்து மெயிலில் அனுப்புகிறார்கள். சுத்தமாகிவிட்டது என்று நினைப்பு. ஆனால் பிவட் டேபிள் வழக்கமாகத் தன் மூலத் தரவின் நகலைக் கோப்புக்குள்ளேயே வைத்திருக்கும். வாங்கியவர் அதில் ஒரு எண்ணின் மேல் இருமுறை கிளிக் செய்தால், அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் பெயரோடு புதிய தாளில் வந்து நிற்பார்கள். சுருக்கம்தான் அனுப்பவேண்டும் என்றால் எண்களை மட்டும் காப்பி செய்து புதிய கோப்பில் மதிப்புகளாக ஒட்டி அனுப்புங்கள். பயிற்சியில் இதை எல்லாரையும் தங்கள் கணினியில் ஒருமுறை செய்து பார்க்கச் சொன்னால் போதும், வாயால் எச்சரிப்பதைவிட நன்றாக மண்டையில் ஏறும்.

பெயரை எடுத்துவிட்டால் ஆள் தெரியாது என்பதும் அதே ரக நம்பிக்கை. முதுகலை இரண்டாம் ஆண்டு, ஒரு துறை, மாணவிகள், மாற்றுத்திறனாளி, தோல்வி என்று வரிசையாக வடிகட்டிக்கொண்டே வந்தால் கட்டத்தில் ‘1’ என்று நிற்கும். அந்த வகுப்பில் உள்ள எல்லாருக்கும் அது யார் என்று தெரியும். அதனால்தான் அறிக்கை வெளியே போகும்போது சிறிய எண்களை மறைத்துவிட்டு ‘5க்கும் குறைவு’ என்பதுபோல் போடும் வழக்கம் இருக்கிறது. ஆனால் கூட்டுத்தொகையை அப்படியே விட்டுவிட்டு ஒரு கட்டத்தை மட்டும் மறைத்தால், கழித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு கட்டமாவது மறைக்கவேண்டும், இல்லையென்றால் இரண்டு பிரிவுகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டவேண்டும்.

பாஸ்வேர்டு பகிர்வதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. துறைத்தலைவரின் பாஸ்வேர்டை ஆபீஸில் எல்லாரும் வைத்திருப்பது ஊரறிந்த ரகசியம். யார் எதைத் திறந்தார்கள் என்ற பதிவு இருக்கவேண்டும், அதை ஓராண்டாவது வைத்திருக்கவேண்டும் என்று விதிகள் கேட்கின்றன. நான்கு பேர் ஒரே லாகினில் வேலை பார்த்தால் அந்தப் பதிவு இருந்தும் பயனில்லை. அதைவிட மோசம், வேறு யாரோ செய்ததற்குத் துறைத்தலைவர் பெயர்தான் அதில் நிற்கும். மாற்றலாகிப் போனவர், ஓய்வு பெற்றவர், ஒப்பந்தம் முடிந்தவர் லாகினை அன்றே மூடுவதும் இதோடு சேர்ந்த வேலைதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். புதிய தளங்கள் நடந்ததைக் காட்டுவதோடு நிற்பதில்லை, நடக்கப்போவதையும் சொல்கின்றன. இந்த மாணவர் படிப்பை விட்டுவிடும் அபாயம் இருக்கிறது என்று பெயருக்கு எதிரே சிவப்புக் கொடி வரும். பார்ப்பவர் அதைத் தீர்ப்பு மாதிரி எடுத்துக்கொள்வார். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 மாணவர்கள், அதில் உண்மையிலேயே விட்டுவிடப் போகிறவர்கள் 50 பேர் என்று வைத்துக்கொள்வோம். கருவி இரு பக்கமும் 90 சதவீதம் சரியாகச் சொல்கிறது, அதாவது விடுபவர்களில் 90 சதவீதம் பேரைப் பிடித்துவிடுகிறது, தொடர்பவர்களில் 90 சதவீதம் பேரைச் சும்மா விட்டுவிடுகிறது. கேட்க அருமையாக இருக்கிறது. அந்த 50 பேரில் 45 பேருக்குக் கொடி விழும். மீதி 950 பேரில் 95 பேருக்குத் தப்பாக விழும். மொத்தம் 140 கொடி, அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தப்பு. 90 சதவீதம் என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னதும் பொய்யில்லை, உங்கள் முன் வந்து நிற்கும் கொடியை நம்ப முடியாததும் பொய்யில்லை.

அதனால் கொடி விழுந்தால் கூப்பிட்டுப் பேசலாம். ‘சார், கைரேகை மிஷின் ஒரு மாசமா என் விரலை எடுக்கவே இல்லை’ என்று அந்த மாணவர் சொல்லக்கூடும். அதைக் கேட்காமலேயே கொடியை வைத்துக்கொண்டு கேம்பஸ் இன்டர்வியூ பட்டியலிலிருந்து பெயரை எடுப்பதும், வகுப்பில் எல்லார் முன்னும் பட்டியலை வாசிப்பதும்தான் ஆபத்து. சட்டமும் இங்கே தெளிவாக இருக்கிறது: ஒருவரைப் பாதிக்கும் முடிவை எடுக்கப் பயன்படும் தரவு முழுமையாகவும் துல்லியமாகவும் முன்னுக்குப் பின் முரண் இல்லாமலும் இருப்பதை நிறுவனம் உறுதிசெய்ய வேண்டும். பழுதான மிஷின் கொடுத்த வருகைப்பதிவை வைத்து ஹால் டிக்கெட்டை நிறுத்தினால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் சட்டத்தில் விலக்கு உண்டு, ஆனால் நிபந்தனையோடு. விதிகள் சொல்லும் தரத்தைப் பின்பற்றவேண்டும், அதோடு அந்தத் தரவை வைத்துத் தனி ஒருவரைப் பற்றிய முடிவு எதுவும் எடுக்கக் கூடாது. ஐந்து வருட வருகைப்பதிவையும் தேர்ச்சியையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுவது இதில் அடங்கும். அதே கோப்பிலிருந்து பத்துப் பெயரை உருவி நடவடிக்கைக்கு அனுப்பினால் விலக்கு அங்கேயே போய்விட்டது.

முதலாம் ஆண்டு மாணவர்களில் கணிசமானவர்களுக்கு 17 வயதுதான். இந்தச் சட்டத்தில் 18 நிறையாதவர் குழந்தை. குழந்தைகளின் நடத்தையைத் தொடர்ந்து கண்காணிப்பதற்குத் தடை இருக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள்தான், ஆனால் அது அந்த நிறுவனத்தின் கல்விச் செயல்பாட்டுக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் மட்டும். வருகைப்பதிவைக் கவனிக்கலாம். பயிற்சி மையம் ஒன்றுக்கு ‘கணக்கில் வீக்கான பிள்ளைகள்’ என்று பட்டியல் கொடுக்க முடியாது.

ஏஐ சாட்டில் மாணவர் பட்டியலை ஒட்டி ‘இதைச் சுருக்கிக் கொடு’ என்று கேட்பதையும் பயிற்சியில் சேர்க்கவேண்டும். பல்கலைக்கழகம் ஒப்பந்தம் போடாத சேவைக்குள் தரவைக் கொட்டுவது, வெளியாள் கையில் கோப்பைக் கொடுப்பதற்குச் சமம்தான்.

இத்தனையும் சொல்லிக்கொடுத்தும் தவறு நடக்கும். மெயில் தப்பான முகவரிக்குப் போகும், லேப்டாப் தொலையும். அப்போது ஊழியர் செய்யவேண்டியது ஒன்றுதான்: உடனே மேலே சொல்வது. தவறுதலாக வெளியானதும் சட்டப்படி தரவு மீறல்தான். பாதிக்கப்பட்டவர்களுக்குத் தாமதமில்லாமல் தெரிவிக்கவேண்டும், வாரியத்துக்கும் உடனே தெரிவித்து, 72 மணி நேரத்துக்குள் விரிவான அறிக்கை கொடுக்கவேண்டும். திட்டு விழும் என்று பயந்து ஊழியர் வெள்ளிக்கிழமை மறைத்தால், திங்கட்கிழமை வரும்போது நிறுவனத்துக்கு மூச்சுவிடக்கூட நேரம் இருக்காது. உடனே சொன்னவரைத் தண்டிக்கமாட்டோம் என்று பல்கலைக்கழகம் எழுத்தில் கொடுத்தால்தான் இது நடக்கும். பல இடங்களில் இது மட்டும் எழுத்தில் வராது.

மாணவர் பக்கத்து உரிமைகளும் ஊழியருக்குத் தெரிந்திருக்கவேண்டும், ஏனென்றால் மாணவர் முதலில் வந்து நிற்பது கவுண்டரில்தான். ஒப்புதல் கொடுத்து அளித்த தரவில் என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கலாம், தப்பாக இருப்பதைத் திருத்தச் சொல்லலாம், வேலை முடிந்ததை அழிக்கச் சொல்லலாம் (வேறு சட்டப்படி வைத்திருக்க வேண்டியதை அழிக்கமாட்டார்கள், மதிப்பெண் பதிவேடு மாதிரி). குறை சொன்னால் நிறுவனம் அதிகபட்சம் 90 நாளுக்குள் தீர்க்கவேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் அவர் வாரியத்துக்குப் போகலாம், நிறுவனத்திடம் கேட்காமல் நேரே அங்கே போக முடியாது. ஆகவே ‘சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கு, ஒன்றும் பண்ண முடியாது’ என்று திருப்பி அனுப்பாமல், கோரிக்கையை எழுத்தில் வாங்கி, பொறுப்பான அதிகாரிக்கு அன்றே அனுப்பிவிட்டு, ஒப்புகைச் சீட்டை மாணவர் கையில் கொடுத்துவிடுங்கள்.