பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைக்கும் மாதம் 4,000 ரூபாய் உண்டு

அம்மா இறந்துபோய், அப்பா வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டு போனபின், பாட்டியிடமோ சித்தியிடமோ தாய்மாமன் வீட்டிலோ வளரும் பிள்ளைகள் நம்மூரில் ஏராளம். ஒன்றிரண்டு வருஷம் எப்படியோ ஓடும். பிறகு சொந்தத்தில் யாராவது வந்து, "எத்தனை நாளைக்கு நீயே இழுத்துக்கிட்டுக் கிடப்ப? ஹோம்ல சேர்த்துடு, சோறும் படிப்பும் கிடைக்கும்" என்பார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பாட்டியின் கையிருப்பு அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் சட்டம் சொல்வது வேறு. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கு என்கிறது. ஹோம் என்கிற குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்பதை அதன் 3-ஆம் பிரிவு அடிப்படைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. வறுமைதான் காரணம் என்றால், பிள்ளையை இடம் மாற்றாமல் பணத்தை அந்த வீட்டுக்கு அனுப்ப வழிசெய்வது 45-ஆம் பிரிவு. அதுதான் நிதி ஆதரவுத் திட்டம். அலுவலகங்களில் ஸ்பான்சர்ஷிப் என்று கேட்டால்தான் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் கீழ் இந்த நிதி ஆதரவு ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய், 18 வயது வரை. முன்பு 2,000 ரூபாயாக இருந்தது. பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் குழந்தைகள், விதவையான அல்லது விவாகரத்தான அல்லது கணவர் கைவிட்ட தாயின் குழந்தைகள், பெற்றோர் உயிர்க்கொல்லி நோயிலோ படுத்த படுக்கையிலோ இருக்கும் குழந்தைகள் எல்லாரும் கேட்கலாம். குழந்தைத் தொழிலிலிருந்தோ குழந்தைத் திருமணத்திலிருந்தோ மீட்கப்பட்டவர்களும் வருவார்கள். ஏற்கெனவே ஹோமில் இருக்கும் பிள்ளையை வீட்டுக்குத் திருப்பி அழைத்துவரவும் இந்தத் தொகை உண்டு; இது பலருக்கும் தெரிவதே இல்லை.

வருமான வரம்புதான் இடிக்கும். கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, நகரத்தில் 96,000 ரூபாய். 72,000 என்றால் மாதம் 6,000. நாளுக்கு 250 ரூபாய் கூலிக்கு 24 நாள் போனாலே அது வந்துவிடும். இன்றைய விலைவாசிக்கு இது கஞ்சத்தனமான கோடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் கோடு அதுதான், எனவே வருமானச் சான்றைக் கவனமாக வாங்குங்கள். பிள்ளையை இப்போது வைத்திருப்பது யாரோ, அந்தக் குடும்பத்தின் வருமானம் அதில் இருக்க வேண்டும். விட்டுப்போன அப்பாவின் பழைய சான்றைக் கொண்டுபோய் நீட்டிவிட்டு அலையாதீர்கள்.

போக வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. எங்கே என்று தெரியாவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள், அங்கிருந்து அனுப்பிவிடுவார்கள். பிள்ளையின் ஆதார், பிறப்புச் சான்று, பெற்றோரின் இறப்புச் சான்று, ரேஷன் கார்டு, வருமானச் சான்று, பள்ளியில் படிப்பதற்கான சான்று, வங்கி பாஸ்புக் ஆகியவை பொதுவாகக் கேட்பவை. இதில் மாட்டுவது பெரும்பாலும் ரேஷன் கார்டுதான்: பிள்ளையின் பெயர் இன்னும் அப்பாவின் கார்டிலேயே இருக்கும், அவரோ போன இடம் தெரியாது. அதை மறைக்காமல் மனுவிலேயே எழுதிவிடுங்கள். அலகிலிருந்து ஆள் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை எழுதுவார்கள். அப்போது பக்கத்து வீட்டாரும் வகுப்பு ஆசிரியரும் சொல்வது காகிதம் சொல்லாததைச் சொல்லும். பிறகு மாவட்ட அளவிலான ஒப்புதல் குழு கூடி முடிவெடுக்கும். அது கூடும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். கிடைத்தபின் பிள்ளை பள்ளிக்கு ஒழுங்காகப் போகாவிட்டாலோ ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாலோ தொகை நிற்கும்.

தமிழக அரசும் 2025 செப்டம்பரில் அன்புக்கரங்கள் என்ற திட்டத்தைத் தொடங்கியது. பெற்றோர் இருவரையும் இழந்த, அல்லது ஒருவரை இழந்து மற்றவரால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய். உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று அதே அலகில் கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் வளர்வதால் அப்படி என்ன கிடைத்துவிடும் என்று கேட்பவர்களுக்கு, ருமேனியாவில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். 2000-களின் தொடக்கத்தில் புக்கரெஸ்ட் நகரத்து இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில், குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். நாலரை வயதில் அளந்தபோது இல்லத்துக் குழந்தைகளின் சராசரி நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 73, குடும்பத்துக்குப் போனவர்களுக்கு 81. இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் இன்னும் நன்றாக இருந்தார்கள். நம் இல்லங்கள் எல்லாம் அந்த நாட்டு இல்லங்கள் போல் என்று சொல்லவரவில்லை. ஆனால் ஷிஃப்ட் முறையில் ஆள் மாறும் இடத்தில், ராத்திரி காய்ச்சல் வந்தால் "எனக்கு இவங்கதான்" என்று பிள்ளை தேடிப்போக ஒரே முகம் இருக்காது.

உறவினர் யாருமே இல்லாத பிள்ளைக்கு 44-ஆம் பிரிவின் வளர்ப்புப் பராமரிப்பு இருக்கிறது. பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு, சொந்தமில்லாத ஒரு குடும்பம் பிள்ளையை வீட்டில் வைத்து வளர்ப்பது அது. 2024-இல் வந்த புதிய வழிகாட்டுதலின்படி கல்யாணமாகாதவர்களும் துணையை இழந்தவர்களும்கூட இதற்கு விண்ணப்பிக்கலாம். தனியாக இருக்கும் ஆணுக்குப் பெண் குழந்தையைத் தரமாட்டார்கள். இரண்டு வருஷம் வளர்த்தபின் தத்தெடுக்கவும் வழி உண்டு. அதுவரை பிள்ளைக்கு உங்கள் சொத்தில் வாரிசுரிமை கிடையாது. தத்து முடிந்த நாளிலிருந்து எல்லா வகையிலும் உங்கள் பிள்ளைதான். 2022 செப்டம்பர் முதல் தத்து உத்தரவைக் கலெக்டரே தருகிறார்.

ஆஸ்பத்திரியில் பேசி முடித்து, பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக் குழந்தையைத் தூக்கி வருவது மட்டும் வேண்டாம். சட்ட நடைமுறையை மீறிக் குழந்தையைத் தத்து கொடுத்தாலும் வாங்கினாலும் மூன்று ஆண்டு வரை சிறையோ ஒரு லட்ச ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். பணம் கைமாறினால் அது குழந்தை விற்பனை, தண்டனை ஐந்து ஆண்டு வரை போகும். ஆபத்தில் இருக்கும் பிள்ளை கண்ணில் பட்டால் 1098-க்குக் கூப்பிடுங்கள்.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது ஒன்று உண்டு. 18 வயதில் இல்லத்தைவிட்டு வெளியேறும் பிள்ளைக்கு 46-ஆம் பிரிவின்படி பின்னர்ப் பராமரிப்பு உதவி கிடைக்கும். 21 வயது வரை அதை நீட்டுகிறார்கள். பாட்டி வளர்த்த பிள்ளைக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. 18 முடிந்த மாதத்தோடு 4,000 ரூபாய் நின்றுவிடும், பாட்டிக்கும் வயதாகியிருக்கும். பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்குப் பெயர் கொடுக்கலாம். மீதி 3,000-க்கு அந்தப் பாட்டி யாரிடம் போவாள் என்பதற்கு இந்தத் திட்டத்தில் பதில் எழுதவில்லை.