பிளாட்பாரம்: தளமா, மேடையா, திண்ணையா?

தமிழில் இந்தச் சொல் இரண்டு முறை வந்து இறங்கியிருக்கிறது. முதலில் ரயிலோடு வந்தது. வாய்க்கு வசதியாக 'பிளாட்பாரம்' ஆகி, 'அம்' விகுதியும் சேர்ந்து, ரயில் நிலையத்தை விட்டு வெளியே நடந்து தெருவோர நடைபாதைக்கும் பெயராகிவிட்டது. பிளாட்பாரக் கடை, பிளாட்பாரத்தில் படுத்துத் தூங்குகிறார்கள் என்கிறோம். இரண்டாவது முறை கணினியோடு வந்தது. இந்த முறை 'பிளாட்ஃபார்ம்' என்று உச்சரிப்பு கெடாமல், கழுத்தில் அடையாள அட்டையோடு வந்தது. "உங்க ஆப் எந்த பிளாட்ஃபார்ம்ல ஓடும்?" என்று கேட்பவர் யாரும் பிளாட்பாரம் என்று சொல்வதில்லை.

ஒரே சொல்தான். ஆனால் முதலாவது, இடமில்லாதவர்களின் இடம். இரண்டாவது, உலகத்தின் மிகப் பணக்கார நிறுவனங்கள் சிலவற்றின் சொத்து. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நிரல் எழுதிப் பிழைக்கிறேன். இதற்குச் சரியான தமிழ்ச் சொல் எது என்று கேட்டால், எந்தப் பிளாட்பாரத்தைக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கத்தான் தோன்றுகிறது.

மூலம் பிரெஞ்சு. 'பிளாத் ஃபோர்ம்' என்றால் தட்டையான வடிவம். பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது தாளில் வரைந்த தரைப்படம், திட்டம் என்ற பொருளும் அதற்கு இருந்தது. பிறகு பீரங்கியை ஏற்றி நிறுத்தும் மேடு. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து திருச்சபைகள் 1648இல் தங்கள் நிர்வாக விதிகளைத் தொகுத்து அதற்குக் 'கேம்பிரிட்ஜ் பிளாட்ஃபார்ம்' என்று பெயர் வைத்தன. அரசியல் கட்சியின் கொள்கை அறிக்கைக்கு அங்கே இன்றும் இதே பெயர்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் வந்ததும் பயணிகள் நிற்கும் மேடைக்கு ஒட்டிக்கொண்டது. இன்னும் பின்னால் போனால் 'அகன்ற, தட்டையான' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் போய் முடியும். நாம் பூமியைப் பிருதிவி என்கிறோமே, அந்த வடசொல் அதற்கு ஒன்றுவிட்ட தங்கை. அகன்று கிடப்பவள்.

ஆக, இந்தச் சொல்லின் அடியில் இருப்பது மேடுபள்ளம் இல்லாத சமதளம். யார் ஏறி நின்றாலும் ஒரே உயரம். கணினி நிறுவனங்களுக்கு இந்தச் சொல் இவ்வளவு பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கடை என்றால் கடைக்காரர் இருப்பார், வாடகை கேட்பார். பிளாட்ஃபார்ம் என்றால் ஏதோ தானாக விரிந்து கிடக்கும் இடம் மாதிரி ஒலிக்கிறது.

கணினியில் இதன் பொருள் எளிது. அடுத்தவர் எழுதும் நிரல் எதன்மேல் நின்று ஓடுகிறதோ, அது பிளாட்ஃபார்ம். 1964இல் ஐபிஎம் நிறுவனம் 'சிஸ்டம்/360' வரிசையை அறிவித்தது. சிறிய கணினிக்கு எழுதிய நிரல் அதே வரிசையின் பெரிய கணினியிலும் ஓடும் என்பதுதான் அதில் பெரிய செய்தி. அதற்கு முன் கணினியை மாற்றினால் நிரலையும் திரும்ப எழுத வேண்டியிருந்தது. அதே நிறுவனம் 1981இல் தனிக்கணினியைக் கொண்டுவந்தபோது அதன் நுட்ப விவரங்களை நூலாகவே விற்றது. யார் வேண்டுமானாலும் அதற்கு நிரல் எழுதலாம், விற்கலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சற்று நாளில் மற்ற நிறுவனங்கள் அதே மாதிரி கணினியையே செய்யத் தொடங்கின. ஐபிஎம்முக்கு அது நஷ்டம். நம்மைப் போன்றவர்களுக்குப் பிழைப்பு.

மூடிய பிளாட்ஃபார்ம், அதாவது உரிமையாளர் அனுமதித்தால்தான் பிறர் நிரல் ஓடும் பிளாட்ஃபார்ம், அப்புறம் வந்த புதுமை என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1985இல் அமெரிக்காவில் இறங்கிய நிண்டெண்டோ விளையாட்டுக் கருவிக்குள் ஒரு பூட்டுச் சில்லு (சிப்) இருந்தது. விளையாட்டுப் பேழையிலும் (கேட்ரிட்ஜ்) அதற்கு இணையான சில்லு இருந்தால்தான் ஓடும். அந்தச் சில்லை நிண்டெண்டோதான் தரும். உரிமம் வாங்கிய நிறுவனமும் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடக் கூடாது என்று நிபந்தனை வேறு. பொம்மைக் கருவிதானே என்று பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். 2008 ஜூலையில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தபோது அதே ஏற்பாடு நம் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது.

கணக்கைப் பார்ப்போம். ஐபோனுக்கு ஆப் வெளியிட ஆண்டுக்கு 99 டாலர் சந்தா. டிஜிட்டல் பொருள் விற்பனையில் பொதுவாக 30 விழுக்காடு நிறுவனத்துக்கு. ஆண்டு வருமானம் பத்து லட்சம் டாலருக்குள் இருக்கும் சிறு நிறுவனங்களுக்கு 2021 முதல் 15. நிரலைக் கட்டித் தரும் முக்கியக் கருவியோ மேக் கணினியில் மட்டும்தான் ஓடும். ஆண்ட்ராய்டில் கூகிளுக்கு ஒரே ஒருமுறை 25 டாலர் கட்டினால் போதும். ஆனால் ஆப்புக்குள் நடக்கும் விற்பனையில் பங்கு அங்கேயும் உண்டு.

ரயில் நிலையத்தில் பிளாட்பார டிக்கெட் பத்து ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும். வண்டியில் ஏறுவதற்கு அல்ல, ஏறுபவரை வழியனுப்பி நிற்பதற்குத்தான் அந்தக் காசு. 99 டாலரும் பிளாட்பார டிக்கெட்தான். நின்றுகொள்ளலாம், அவ்வளவே. சந்தாவை நிறுத்தினால் ஆப் கடையிலிருந்து இறக்கப்படும்.

என் சொந்தக் கதை ஒன்று. எந்த ஆப் கடை என்று சொல்லப் போவதில்லை. எங்கள் ஊர்ப் பேருந்து நேரங்களைக் காட்டும் ஒரு சின்ன ஆப், காசில்லாமல் வெளியிட்டிருந்தேன். தேர்த்திருவிழாவுக்குச் சிறப்புப் பேருந்துகள் விட்டார்கள். அந்த நேரங்களைச் சேர்த்துப் புதிய பதிப்பை அனுப்பினேன். நிராகரிப்பு வந்தது. காரணமாக ஒரு விதியின் எண் மட்டும் இருந்தது. அந்த விதியைப் படித்தால் எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று விளங்கவில்லை. பதில் எழுதினால் அதே கடிதம் திரும்ப வந்தது. மனிதர் யாராவது இருக்கிறாரா என்று கூடத் தெரியாது. எதையும் மாற்றாமல் மூன்றாம் முறை அனுப்பியபோது ஏற்றுக்கொண்டார்கள். அதற்குள் தேர் நிலைக்கு வந்து, கடை போட்டவர்களும் மூட்டை கட்டிவிட்டார்கள்.

இந்த ஏற்பாட்டுக்குத் தமிழில் சொல் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துறைமுகத்தில் பொருளுக்கு விதிக்கும் வரியைச் சங்க இலக்கியம் 'உல்கு' என்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவியும் மூட்டைகளுக்கு உல்கு வாங்கி, சோழனின் புலிச் சின்னத்தைப் பொறித்து வெளியே விடுவதைப் பட்டினப்பாலை பாடுகிறது: 'புலி பொறித்துப் புறம் போக்கி'. இன்று நிரலில் ஆப்பிள் ஏற்கும் மின்முத்திரை இருந்தால்தான் ஐபோன் அதைத் திறக்கும். கோட் சைனிங் என்று நாங்கள் சொல்வதற்குப் 'புலி பொறித்தல்' என்று பெயர் வைத்தால் என் அலுவலகத்தில் சிரிப்பார்கள். ஆனால் பொருள் அச்சாகப் பொருந்துகிறது. பிற்காலத்தில் உல்கு போய்ச் சுங்கம் வந்தது. முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர். ஆகவே அந்த 30 விழுக்காட்டைக் 'கமிஷன்' என்றோ 'சேவைக் கட்டணம்' என்றோ நான் எழுதுவதில்லை. சுங்கம்.

சுங்கத் தகராறு சென்னைக்கும் வந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமோனி.காம் உள்ளிட்ட சில இந்திய நிறுவனங்கள் கூகிளின் கட்டண முறையை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் போயின. வேறு வழியில் பணம் வாங்கிக்கொண்டாலும் 11 முதல் 26 விழுக்காடு கூகிளுக்குத் தர வேண்டும் என்பதுதான் வழக்கின் வலி. 2024 மார்ச் 1 அன்று அந்நிறுவனத்தின் பாரத் மேட்ரிமோனி முதலான பல ஆப்கள் கூகிளின் கடையிலிருந்து நீக்கப்பட்டன. அரசு தலையிட்ட பிறகு சில நாட்களில் திரும்ப வைக்கப்பட்டன. இந்தியப் போட்டி ஆணையம் இதற்கு முன்பே, 2022 அக்டோபரில், இந்தக் கட்டணக் கொள்கைக்காக ₹936.44 கோடி அபராதம் விதித்திருந்தது. மேல்முறையீட்டில் 2025இல் அது ஏறத்தாழ ₹216 கோடியாகக் குறைந்தது.

சரி, சொல்லுக்கு வருவோம். 'தளம்' என்று எழுதுவதே இன்று பெருவழக்கு. எனக்கும் பிடித்த சொல்தான். (தளபதியில் இருப்பது படை என்ற பொருள், அது வேறு.) வீடு கட்டுகிறவர் "தளம் போட்டாச்சு" என்றால் கூரை போட்டாயிற்று என்று பொருள். கீழ் வீட்டுக்காரருக்குக் கூரை, மாடி வீட்டுக்காரருக்கு அதுவே தரை. கணினியில் அடுக்கு இப்படித்தான் இருக்கிறது. சில்லின்மேல் இயங்குதளம், அதன்மேல் உலாவி (பிரவுசர்), உலாவியின்மேல் என் நிரல். ஒன்றின் கூரை அடுத்ததன் தரை. பிளாட்ஃபார்ம் என்ற மூலச் சொல்லிலேயே இந்த அழகு இல்லை.

சிக்கலும் உண்டு. இணையதளத்தையும் தளம் என்றே சுருக்கிச் சொல்கிறோம். இயங்குதளம் என்றால் பலருக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் மட்டும்தான். இலங்கைப் பாடநூல்கள் அதைப் 'பணிசெயல் முறைமை' என்பதால் அங்கே இந்தக் குழப்பம் குறைவு. குழப்பம் வரும் இடத்தில் 'அடித்தளம்' என்று எழுதலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அது வீட்டு அஸ்திவாரத்தை நினைவூட்டுகிறது. 'மேடை'யைப் பேசுகிறவர்கள் கூடும் இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சமூக ஊடகத்துக்கு அது பொருந்தும். நடைமேடை ரயிலுக்கு.

திறந்த பிளாட்ஃபார்முக்குத் 'திண்ணை' என்று ஒரு காலத்தில் ஆசையாக எழுதி வந்தேன். வழிப்போக்கர் கேட்காமல் உட்காரும் இடம், எவ்வளவு பொருத்தம் என்று. என்னோடு வேலை செய்த ஒருவர், "எங்க தாத்தாவை எந்தத் திண்ணையில உட்காரவிட்டாங்க?" என்று கேட்டார். அதோடு விட்டுவிட்டேன். யோசித்தால் திண்ணையும் வீட்டுக்காரருடையதுதான். அவர் நினைத்தால் கம்பிக் கதவு போடலாம். போட்டுமிருக்கிறார்கள்.

அதனால் திறந்ததற்குத் 'திறந்த தளம்' என்ற சாதாரணச் சொல்லே போதும். மூடியதற்கு 'மூடுதளம்' என்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். 'மூடிய தளம்' என்றால் கடந்த காலம் மட்டும். மூடுதளம் வினைத்தொகை. மூடிய தளம், மூடுகின்ற தளம், இனி மூடப்போகும் தளம், மூன்றும் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. இணைய விவாத மன்றமான ரெட்டிட் நிறுவனம் பல ஆண்டுகள் தன் தரவைப் பிறர் ஆப்களுக்கு இலவசமாக விட்டுவைத்து, 2023இல் திடீரென்று விலை வைத்தது. ஆண்டுக்கு இரண்டு கோடி டாலர் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த 'அப்போலோ' என்ற, ரெட்டிட்டைப் படிக்க உதவிய ஆப், ஜூன் முடிவில் கடையை மூடிவிட்டது. திறந்தது என்று பெயரெடுத்த ஆண்ட்ராய்டிலும், கடைக்கு வெளியே நிறுவும் ஆப்களை எழுதியவர்கள் தங்கள் அடையாளத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் கூகிள் அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும், அனுபவமுள்ள பயனர்களுக்குத் தனி வழி விடுவதாகச் சொன்னது. இதை எந்தக் காலத்தில் சேர்ப்பது? வினைத்தொகையில் விட்டுவிடலாம்.

ஒரு சின்ன வழக்குக் குறிப்பு. இவ்வளவும் மென்பொருளுக்குத்தான். தெருவில் இருப்பதற்குப் பிளாட்பாரம் என்ற சொல்லே இருக்கட்டும். 'தளக் கடை' என்று எழுதினால் யாரும் இட்லி வாங்க வரமாட்டார்கள்.