உணர்ச்சி இடைவெளியா, ஏதின்மையா?

தாய்க்கும் மகளுக்கும் நடுவே உள்ள விலகலைக் கவிதையில் காணும்போதெல்லாம் ‘உணர்ச்சி இடைவெளியின் குறியீடு’ என்று எழுதுகிறார்கள்; ‘emotional distance’ என்ற ஆங்கிலத் தொடரின் நேர்பெயர்ப்பு. படித்துப் படித்துச் சலித்துவிட்டது. இதற்குத் தமிழில் சொல் இருக்கிறது: ஏதின்மை. உறவு ஏதும் இல்லாதவர் ஏதிலார்; அந்நிலை ஏதின்மை. குறளிலேயே உண்டு (816).

இடைவெளி என்பது நாற்றுக்கும் நாற்றுக்கும் நடுவே விடுவது. கொரோனாக் காலத்தில் கடை வாசலில் வட்டம் போட்டு நிற்க வைத்தார்களே, அது. அளக்கலாம், குறைக்கலாம். கவிதையில் வரும் தாயின் துயரம் அப்படிப்பட்டதன்று.

கலித்தொகை 9-ஆம் பாட்டைப் பாருங்கள். காதலனுடன் போய்விட்ட மகளைத் தேடிவரும் செவிலியிடம் (வளர்ப்புத்தாயிடம்), வழியில் எதிர்ப்பட்ட அந்தணர் சொல்கிறார்கள்: ‘மலையுளே பிறப்பினும் மலைக்கு அவைதாம் என்செய்யும்?’ சந்தனம் பூசுபவருக்குத்தான் பயன்படும், பிறந்த மலைக்கு அன்று. நீருக்கு முத்தும் யாழுக்கு இசையும் அப்படியே. உம் மகளும் அப்படியே. இதில் இடைவெளி எங்கே? சந்தனம் மலைக்கு உள்ளேயே பிறந்தது. உள்ளே பிறந்தது பிறர்க்கு உரியதாகிப்போனதுதான் வலி.

நற்றிணை 110-இல், பொற்கலத்தில் தேன் கலந்த பாலை ஏந்திச் செவிலியர் பின்தொடர, உண்ண மறுத்து ஓடிய சிறுமி, வறுமைப்பட்ட கணவன் வீட்டில் வேளை தவறி உண்கிறாள். ‘கொடுத்த தந்தை கொழுஞ்சோறு உள்ளாள்’: தந்தை வீட்டு வளமான சோற்றை நினைப்பதும் இல்லை. பாசம் வற்றவில்லை, பிணக்கும் இல்லை. பிறந்த வீட்டுச் சோறு அவளுக்கு அயல்வீட்டுச் சோறாகிவிட்டது. ‘இடைவெளி’ என்று எழுதியவுடன் இருவருக்கும் ஏதோ மனக்கசப்பு என்ற தவறான எண்ணம் வந்துவிடுகிறது. என் முதன்மையான மறுப்பு இதுதான்.

‘அந்நியமாதல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். உழைப்பாளி தன் உழைப்பின் விளைவிலிருந்து பிரிக்கப்படுவதைச் சொல்ல மார்க்சியத் திறனாய்வில் வேரூன்றிய சொல் அது, அங்கேயே இருக்கட்டும்.

பேதையின் நட்பைவிட அறிவுடையாரின் ஏதின்மை கோடி மடங்கு நல்லது என்கிறது குறள் 816. அங்கே ஏதின்மைக்கு உரையாசிரியர் பரிமேலழகர் பகைமை என்றல்லவா உரை கண்டார் என்று கேட்கலாம். அங்கே நட்புக்கு எதிராக நிற்பதால் அந்தப் பொருள். குறள் 1099-ஐப் பாருங்கள்: ‘ஏதிலார் போலப் பொதுநோக்கு நோக்குதல் காதலார் கண்ணே உள.’ அங்கே பகை இல்லை. உள்ளே அன்பிருக்க, வெளியே யாரோ போல நிற்பது. நமக்கு வேண்டிய பொருள் இதுவே.

ஆங்கிலத் தொடரைப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் அகராதியில் ஒரு சொல் எடுத்து ஒட்டுவதை மொழிபெயர்ப்பு என்று ஏற்க முடியாது. ஐங்குறுநூற்றில் ‘மகட்போக்கிய வழித் தாயிரங்கு பத்து’ என்று, மகள் போனபின் தாய் வருந்திப் பாடும் ஒரு பகுதியே இருக்கிறது. தாய்–மகள் கவிதையைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் அந்தப் பத்துப் பாடல்களையாவது படித்துவிட்டு எழுதட்டும்.