காற்றுக்குக் காத்திருந்த ஃபோர்மியோ

"பண்டைய கிரேக்கர்களின் கப்பலில் பீரங்கியே கிடையாது. தளபதிக்கு அங்கே என்னதான் வேலை?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கி.மு. 429 கோடையில் கொரிந்து வளைகுடாவின் வாய்க்கு வெளியே நடந்த சண்டையைச் சொன்னால் போதும்.

ஏதென்ஸின் கடற்படைத் தளபதி ஃபோர்மியோவிடம் 20 கப்பல்கள், எதிரணியான பெலொப்பொனீசியர்களிடம் (ஸ்பார்ட்டாவின் கூட்டணியிடம்) 47. எல்லாம் டிரைரீம் என்ற போர்க்கப்பல்கள்: மூன்று அடுக்கில் 170 துடுப்புக்காரர்கள், அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், வெண்கலக் கொம்பு. வேகமாக வந்து எதிரியின் விலாவில் முட்ட வேண்டும். விலாவை மறைக்க, பெலொப்பொனீசியர்கள் ஐந்து கப்பல்களை நடுவில் நிறுத்த, மற்றவை அணியம் வெளியே, பின்புறம் உள்ளே என்று வட்டம் கட்டி நின்றன.

ஃபோர்மியோ முட்டவில்லை. ஒற்றை வரிசையில், உரசுகிற மாதிரி அவர்களைச் சுற்றி வந்தார். அவர்கள் ஒதுங்க ஒதுங்க வட்டம் சுருங்கியது. விடியும் நேரத்தில் வளைகுடாவிலிருந்து காற்று வீசும் என்பது அவருக்குத் தெரியும்.

வானத்தைப் பார்த்து முடிவெடுத்த எல்லாத் தளபதிகளும் இப்படி இல்லை. கி.மு. 413-இல் ஏதென்ஸ் படை சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகரிலிருந்து தப்பிக்க வேண்டிய நேரத்தில் சந்திர கிரகணம் வந்தது. குறிசொல்பவர்கள் பேச்சைக் கேட்டு 27 நாள் தள்ளிப்போட்ட தளபதி நிக்கியாஸ் படையையே இழந்தார். கிரகணத்தின் காரணத்தை அனக்ஸாகோரஸ் என்ற கிரேக்கத் தத்துவஞானி எப்போதோ விளக்கிவிட்டிருந்தார்! விளக்கம் வந்ததும் மூடநம்பிக்கை போய்விடாது. உணவின் மேல் தர்ப்பை போடும் வீடுகள் இன்றும் இருக்கின்றன.

சரி, காற்று வந்தது. இங்கேதான் எனக்குப் பிடித்த இயற்பியல். சுக்கான் தனியாக எதையும் திருப்பாது. அதன் பலகைமேல் நீர் ஓட வேண்டும். சாய்ந்த பலகை அந்த ஓட்டத்தை ஒரு பக்கம் தள்ளினால், எதிர்விசை கப்பலின் பின்புறத்தை மறுபக்கம் தள்ளும். வேகம் பாதியானால் இந்த விசை கால்வாசி ஆகிவிடும். கப்பல் நின்றுவிட்டால் சுக்கான் வெறும் மரம். வேகத்துக்கோ துடுப்பு வேண்டும். நெருக்கத்தில் அதை வீச இடமில்லை. அலை எழுந்ததும், பழக்கமில்லாத கைகளால் துடுப்பை நீருக்கு மேலே எடுக்கவும் முடியவில்லை. ஆக, சுக்கானும் செத்தது. ஆழமில்லாத அடிப்பகுதி கொண்ட கப்பல்களைக் காற்று ஒன்றின் மேல் ஒன்றாகத் தள்ளியது. கழியால் விலக்கினார்கள், திட்டிக்கொண்டார்கள். கூச்சலில் கட்டளையும் கேட்கவில்லை, துடுப்புக்குத் தாளம் சொல்பவர் குரலும் கேட்கவில்லை.

அப்போது ஃபோர்மியோ சமிக்ஞை கொடுத்தார். 12 கப்பல்கள் பிடிபட்டன.

ஸ்பார்ட்டாவால் இதை நம்ப முடியவில்லை. தங்கள் ஆட்கள் கோழைத்தனமாக நடந்துகொண்டார்கள் என்றே முடிவுகட்டி, ஆலோசகர்கள் மூவரை அனுப்பி வைத்தது.