அது அழுக்கு இல்லீங்க, தயவுசெஞ்சு தொடைக்காதீங்க

பழைய வண்ணாரப்பேட்டையில பிரேம் கடை வெச்சிருக்கேன், காலேஜ்ல பிரிண்ட்மேக்கிங் படிச்சவன், அதனால சுத்துவட்டாரத்துல யார் வீட்ல எட்சிங் (உலோகத் தகட்டுல ஆசிட்டால கோடு அரிச்சு, மை பூசி பேப்பர்ல அச்சு எடுக்கற படம்) இருந்தாலும் கடைசில என்கிட்டதான் வரும். போன வாரம் ஒண்ணு வந்துச்சு, வயசான ஆள் முகம், நல்ல வேலை, ஆனா கன்னத்துகிட்ட ஈரத்துணி வெச்சு தேய்ச்சு பேப்பர் பஞ்சு பஞ்சா கிளம்பிப் போச்சு. "அழுக்கா இருந்துச்சுண்ணா, கிளீன் பண்ணேன்"ன்றாரு கொண்டு வந்தவரு. எத்தனை பேர்கிட்டதான் சொல்றது!

அது அழுக்கே இல்ல. தகட்டுல மை பூசி துணியால தொடைக்கறப்போ, மேல ஒரு மெல்லிசு மைப் படலத்தை பிரிண்டர் வேணும்னே விட்டு வெப்பாரு, அதான் முகத்தைச் சுத்தி மழைமூட்டம் மாதிரி சாம்பலா தெரியுது. முழுசா தொடைச்சா வெள்ளையாயிடும், எவ்ளோ விடணும்ன்றது கை சொல்ற கணக்கு, அதனால கையால மை தொடைச்சு எடுத்த ரெண்டு பிரதியை பக்கத்துல வெச்சா கொஞ்சமாவது மாறித்தான் இருக்கும். இதைப் போய் ஜெராக்ஸ்ன்றாங்க.

கீறலும் அப்படித்தான். 1904-ல பிக்காசோ ஒரு ஜோடி சாப்பாட்டு மேசைல உக்காந்திருக்கற மாதிரி எட்சிங் பண்ணாரு, கைல காசு இல்ல, இன்னொருத்தர் யூஸ் பண்ண ஜிங்க் தகட்டை சுரண்டிட்டு அதுலயே போட்டாரு, பழைய இயற்கைக் காட்சியோட மிச்சம் இன்னும் அதுல தெரியும். அதையும் தொடைப்பீங்களா?

எப்படிப் பாக்கணும்னா, டியூப்லைட்டுக்கு நேரா பிடிக்காதீங்க, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழற மாதிரி பிடிங்க. பிரஸ்ல பேப்பர் கோட்டுக்குள்ள அமுங்கி மையை எடுத்துட்டு வர்றதால கோடு மேடா நிக்கும். ஆசிட்ல அதிக நேரம் கிடந்த கோடு தடிமனா கருப்பா வரும், ஆசிட் படாம சீக்கிரம் மூடினது மயிர்க்கோடா நிக்கும், ஓரம் வெல்வெட் மாதிரி கசிஞ்சிருந்தா அது ஆசிட் இல்லாம தகட்டுல ஊசியால நேரா கீறின டிரைபாயிண்ட். ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1910-ல நெத்தில கை வெச்சு தன்னையே போட்ட எட்சிங் போட்டோவையாவது தேடிப் பாருங்க. அழகு பண்ணவே இல்ல, கோடு மேல கோடு போட்டு இருட்டாக்கியே அந்த அசதியைக் கொண்டாந்திருக்காங்க.

படத்தைச் சுத்தி தகட்டு ஓரம் பேப்பர்ல அமுங்கின தடத்தை வெட்டவே வெட்டாதீங்க, பிரேமுக்கு அளவு பத்தலைனா பெரிய பிரேம் வாங்குங்க. ஃபெவிகால், செல்லோடேப், லேமினேஷன் எதுவும் கூடாது. கண்ணாடி பேப்பர்ல ஒட்டவே கூடாது, நடுவுல ஆசிட் இல்லாத மவுண்ட் போர்டு வேணும். ராயபுரம் காசிமேடு பக்கம் கடல் காத்துல செவுரு ஈரம் இழுக்கும், வெளிச்செவுத்துல மாட்டினா பழுப்புப் புள்ளி விழும், உள்செவுத்துல மாட்டுங்க.

ஏற்கனவே தேய்ச்சுட்டீங்களா, அதோட நிறுத்திடுங்க, அயர்ன் பாக்ஸை எடுக்காதீங்க. காயவிட்டு ரெண்டு சுத்தமான அட்டைக்கு நடுவுல வெச்சு, சுருட்டாம, விவரம் தெரிஞ்சவங்ககிட்ட எடுத்துட்டுப் போங்க.